மனையடி வாழ்க்கை

மைசூரில் மனை வாங்க வருபவர் மண்ணைப் பார்க்கிறார். தரகர் காகிதத்தைப் பார்க்கிறார். பணயமாக இருப்பது பல சமயம் ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு.

காலை ஆறரை மணி. மைசூரின் குவெம்புநகரிலோ சரஸ்வதிபுரத்திலோ நந்தினி பால் பூத் முன்னால் நிற்கும் கூட்டத்தில் பால் வாங்க வராத ஆசாமி ஒருவர் நிச்சயம் இருப்பார். பூத்காரரிடம் பேச்சுக் கொடுப்பார். எந்த வீட்டில் அரை லிட்டர் குறைந்தது, எந்த வீட்டில் ஒன்றாம் தேதியிலிருந்து பால் வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் அவருக்குச் செய்தி. அடுத்து தெருமுனை இஸ்திரி வண்டி. அதற்கடுத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. பாங்க் மேனேஜருக்கு மாற்றல் வந்துவிட்டது, அமெரிக்காவில் இருக்கும் மகன் அம்மாவை அழைத்துக்கொள்ளப் போகிறான், அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு என்று எட்டு மணிக்குள் மூன்று தகவல் சேர்ந்தால் அன்றைய பொழுது வீணில்லை.

தமிழில் தரகர். கன்னடத்தில் தல்லாளி. விசிட்டிங் கார்டில் ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட். இந்தத் தொழிலுக்குக் கடை கட்டாயமில்லை. ஸ்கூட்டர், செல்போன், வாயில் நான்கைந்து மொழி, நினைவில் ஒரு ஆயிரம் கதவிலக்கம் இருந்தால் போதும். கன்னடம் தவிர தமிழ், உருது, தெலுங்கு, கொஞ்சம் இந்தி எல்லாம் வேண்டியிருக்கும். 'மனெ பாடிகெகெ இதெ' (வீடு வாடகைக்கு) என்று கேட்டில் தொங்கும் அட்டையில் இருக்கும் செல் நம்பர் பெரும்பாலும் வீட்டுக்காரருடையது அல்ல, இவருடையது.

வாடகை வீடு என்றால் ஒரு மாத வாடகை. விற்பனை என்றால் விலையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மனைக்குப் பின்னால் ஐந்து தரகர்கள் சங்கிலியாகத் தொங்குவார்கள். விற்பவரைத் தெரிந்தவர் ஒருவர், அவரைத் தெரிந்தவர் ஒருவர், வாங்குபவரைப் பிடித்துவந்தவர் ஒருவர் என்று போகும். 60 லட்சம் ரூபாய் மனைக்கு ஒரு சதவீதம் 60,000 ரூபாய். ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 12,000. அதற்காக மூன்று மாதம் ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போட்டிருப்பார்.

அதுவும் வந்தால்தான் நிச்சயம். தரகர் அறிமுகம் செய்துவைத்த இரு தரப்பினரும் இரண்டு நாள் கழித்துத் தனியாகச் சந்தித்து, "நடுவில் அவர் எதற்கு?" என்று முடித்துக்கொள்வது இந்தத் தொழிலின் நிரந்தர வியாதி. எழுத்தில் எதுவும் இல்லாததால் யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் எந்தத் தரகரும் கதவிலக்கத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. "வாங்க சார், கூட்டிப்போறேன்" என்பதோடு சரி. தெருவுக்குள் இரண்டு முறை சுற்றி அழைத்துப்போகும் கில்லாடிகளும் உண்டு.

பஞ்சாங்கமும் இவர்கள் முதலாளிதான். ஆஷாட மாதம் வந்தால் சாமுண்டி மலையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் அலைமோதும். மலையடிவாரத்துக்குக் கீழே ரியல் எஸ்டேட் ஈ ஓட்டும். கிரகப்பிரவேசம் கிடையாது, அட்வான்ஸ் கொடுப்பவர் கிடையாது. மகாளய பட்சத்திலும் இதே கதை. தசராவும் உகாதியும் அட்சய திருதியையும்தான் அறுவடை. வடகிழக்கு மூலை மனைக்கு நாலு பேர் போட்டி போடுவார்கள். தெற்குப் பார்த்த மனை வருஷக்கணக்கில் காத்திருக்கும். அதை விற்றுக் காட்டுபவருக்குத் தொழிலில் தனி மரியாதை.

கேட்கக் கூடாத கேள்வி

வாடகைத் தரகர் செய்யும் இன்னொரு வேலையைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. வீட்டுக்காரர் தன் வாயால் கேட்கச் சங்கடப்படுவதை இவர் கேட்டுத் தர வேண்டும். சைவமா? சொந்த ஊர் எது? முழுப் பெயர் என்ன? கல்யாணம் ஆகிவிட்டதா? கிருஷ்ணமூர்த்திபுரம் போன்ற பழைய பேட்டைகளில் இந்தக் கேள்விகள் போனிலேயே முடிந்துவிடும். பதில் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது என்று தெரிந்தால் தரகர் ரொம்ப மரியாதையாகச் சொல்வார்: "அந்த வீடு நேத்துதான் போயிடுச்சு சார்." அட்டை அடுத்த வாரமும் கேட்டில் தொங்கும். ஜாதி, மதம் பார்த்து வீடு மறுக்கும் பழக்கத்தை மைசூர் கண்டுபிடிக்கவில்லைதான். ஆனால் வீட்டுக்காரரின் கை சுத்தமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கூலி இந்தத் தரகில் சேர்ந்திருக்கிறது.

வாடகைக்கு 11 மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நாடு முழுக்க நடக்கும் வேலை இது. மைசூரில் போக்கியமும் அதிகம். தமிழ்நாட்டில் ஒத்தி என்றும் சொல்வார்கள். ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மாதச் சம்பளக்காரருக்கு இது சொர்க்கமாகத் தெரியும். அந்த வீடு ஏற்கெனவே பாங்க்கில் அடமானம் என்றால் கதை வேறு. பாங்க் ஜப்தி நோட்டீஸ் ஒட்டும்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரியவரும். பதிவு செய்யாத ஸ்டாம்ப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போய் நிற்கும் முதல் வாசல் தரகருடையது.

சைட் என்னும் மந்திரம்

மைசூர்க்காரர்கள் 'மனை' என்பதில்லை, 'சைட்'. அளவையும் ஏக்கர் கணக்கில் சொல்வதில்லை. முப்பது-நாற்பது என்றால் 1,200 சதுர அடி. நாற்பது-அறுபது என்றால் 2,400. அதாவது சென்னைக்காரரின் ஒரு கிரவுண்டு. ஊருக்கு வெளியே போனால் குண்டா. 1,089 சதுர அடி ஒரு குண்டா, 40 குண்டா ஒரு ஏக்கர். செண்ட் கணக்கில் பழகிய தமிழ்நாட்டுக்காரர் இங்கே வந்து முதலில் தடுமாறுவது இதில்தான்.

சைட் மோகத்துக்கு வயது நூற்றுக்கு மேல். பம்பாயில் 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வந்தது. மன்னராட்சி மைசூரில் 1903-லேயே அதே போன்ற டிரஸ்ட் போர்டு வந்துவிட்டது. நெரிசலான பழைய கோட்டைப் பகுதியிலிருந்து ஜனங்களை அகலமான தெருக்களுக்கு நகர்த்தியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1988-ல் அதன் இடத்தில் மைசூர் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் வந்தது. சுருக்கமாக, மூடா. அரசு நிலத்தைக் கையகப்படுத்தும், லேஅவுட் போடும், விண்ணப்பித்தவர்களுக்கு மலிவு விலையில் ஒதுக்கும். விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது நடுத்தர வர்க்கத்தின் குடும்ப வழக்கமாகவே இருந்தது. கேட்பவர் ஆயிரம், கிடைப்பது கொஞ்சம் என்கிற இடத்தில் தரகர் முளைக்காமல் இருப்பாரா?

2024-ல் நாடே மூடா என்ற பெயரை உச்சரித்தது. நிலம் இழந்தவருக்கு ஈடாக, மேம்படுத்திய நிலத்தில் பாதியைத் தரும் 50:50 திட்டம் சிக்கலில் மாட்டியது. அப்போது முதல்வராக இருந்த சித்தராமையாவின் மனைவிக்கு, கெசரே கிராமத்தில் 3 ஏக்கர் 16 குண்டா நிலத்துக்குப் பதிலாக விஜயநகர் பகுதியில் 14 சைட்டுகள், மொத்தம் 38,284 சதுர அடி, ஒதுக்கப்பட்டிருந்தது. கெசரே எங்கே, விஜயநகர் எங்கே என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். விஜயநகரின் மதிப்பு பல மடங்கு. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆளுநர் விசாரணைக்கு அனுமதி தந்தார். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அக்டோபரில் 14 சைட்டுகளும் திருப்பித் தரப்பட்டன. 2025 பிப்ரவரியில் லோகாயுக்தா போலீஸ், முதல்வர் குடும்பத்துக்கு எதிராக ஆதாரம் இல்லை என்றது. அதே ஆண்டில் மூடாவே மைசூர் வளர்ச்சி ஆணையமாகப் பெயர் மாறியது.

அரசியல் எப்படிப் போனாலும் தெருவில் நடந்தது வேறு. 50:50 என்ற வார்த்தை பத்திரத்தில் எங்கே தென்பட்டாலும் வாங்குபவர் பின்வாங்க ஆரம்பித்தார். முறையாக நிலம் கொடுத்து முறையாக சைட் வாங்கியவரும் சந்தேகப் பார்வைக்குத் தப்பவில்லை.

காகிதக் காடு

தரகரின் உண்மையான சரக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு சைட்டின் விலையை எவரும் சொல்லிவிடலாம். அதன் ஜாதகத்தைச் சொல்வதுதான் கஷ்டம்.

முதலில் கத்தா. உள்ளூராட்சியின் சொத்து வரிப் பேரேட்டில் இருக்கும் பெயர்ப் பதிவு இது. கத்தா இருந்தால் நிலம் தன்னுடையது என்று பலர் நினைக்கிறார்கள். வரி கட்டுபவர் யார் என்பதைத்தான் அது சொல்கிறது, உரிமையாளர் யார் என்பதை மூலப் பத்திரம்தான் சொல்ல வேண்டும். கத்தாவிலும் ஏ உண்டு, பி உண்டு. விதிப்படி அமைந்த லேஅவுட்டுக்கு ஏ. அனுமதியில்லாமல் முளைத்தவற்றை வரிவலைக்குள் கொண்டுவருவதற்கு பி. பி கத்தா சைட்டுக்கு பாங்க் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு, கட்டட அனுமதியும் அப்படியே. ஆனால் விலை குறைவு. அதுதான் தூண்டில்.

தூண்டிலில் இன்னும் பெரிய புழு 'ரெவின்யூ சைட்'. விவசாய நிலத்தை வீட்டு மனையாக்க 1964-ஆம் ஆண்டு நிலவருவாய்ச் சட்டத்தின் 95-ஆம் பிரிவின்படி மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் கேழ்வரகு வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு கல் நட்டு, வளைவு கட்டிப் பெயர்ப் பலகை மாட்டிவிடுவார்கள். ரிங் ரோடுக்கு வெளியே இப்படி எத்தனையோ. வாங்குபவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தரகர் அவர்களைக் கண்டுபிடித்துவிடுவார். விலையைக் கேட்டதும் அவர்கள் கண்ணில் தெரிவது வீடு. சாக்கடை, குடிநீர், வரைபட அனுமதி எதுவும் அந்தக் கண்ணில் படாது. பத்து வருஷம் கழித்தும் அது சுண்ணாம்புக் கோடு அழிந்த வயலாகவே இருக்கலாம்.

அதைவிட ஆபத்தானது கண்ணுக்கே தெரியாத வில்லங்கம். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அரசு தானமாகத் தந்த நிலத்தை அனுமதியின்றி விற்கக் கூடாது என்கிறது 1978-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம். ஏமாற்றி எழுதி வாங்கிய நிலத்தை அந்தக் குடும்பங்கள் மீட்க வழிசெய்யும் நியாயமான சட்டம். எவ்வளவு காலம் கழித்தும் கேட்கலாம் என்று 2023-ல் திருத்தமும் வந்தது. நிலத்தை முதலில் அபகரித்தவர் என்றோ லாபத்தோடு வெளியேறியிருப்பார். மாட்டிக்கொள்பவர் ஐந்தாவது கையாக வாங்கிய ஆசிரியரோ குமாஸ்தாவோதான். வில்லங்கச் சான்றிதழ் 30 ஆண்டுக்குப் போட்டுப் பார்த்தாலும், நிலம் தானமாகத் தரப்பட்ட உத்தரவு அதற்கு முந்தையது என்றால் அதில் வராது. தாலுகா ஆபீஸில் பழைய கட்டுகளைப் புரட்ட வேண்டும். நல்ல தரகர் இதைச் செய்கிறார். மற்றவர் "எல்லாம் கிளியர் சார்" என்கிறார்.

பவர் பத்திரம் தனிக் கதை. ஆணையத்தின் சைட்டை ஒதுக்கீடு பெற்றவர் குறிப்பிட்ட ஆண்டுகள் விற்க முடியாது என்பதால் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக்கொண்டு கைமாற்றுவது நெடுநாள் வழக்கம். அப்படி மாறினால் உரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. வழக்கம் குறைந்தது, ஒழியவில்லை.

அரசு போட்ட லேஅவுட் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு குருபரஹள்ளி சர்வே எண் 4 ஒரு பாடம். சாமுண்டி மலையடியில் உள்ள இந்த நிலம் அரச குடும்பத்துடையதா, அரசுடையதா என்பது நெடுநாள் வழக்கு. 2015-ல் மாவட்ட நிர்வாகம் இதை பி-கராப், அதாவது அரசுப் பொது நிலம், என்று பதிந்தது. இதனால் சித்தார்த்தா லேஅவுட் போன்ற இடங்களில் பல்லாண்டுகளாக வீடு கட்டிக் குடியிருந்தவர்களுக்குக் கத்தா மாற்றமும் விற்பனையும் நின்றுபோனது. பெண் கல்யாணத்துக்கு வீட்டை விற்க நினைத்தவரின் பத்திரம் ஒரே உத்தரவில் வெறும் காகிதமாகியது. அந்தக் குடியிருப்புகளுக்கு விடுதலை கிடைக்கப் பல ஆண்டு அலைச்சல் தேவைப்பட்டது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். 2024 அக்டோபரிலிருந்து இ-கத்தா இல்லாமல் பத்திரப் பதிவு இல்லை. 2025 பிப்ரவரியில் மாநிலமெங்கும் பி கத்தா தர முகாம்கள் தொடங்கின. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதத்திலிருந்து இரண்டானது. தரகருக்கு இனி வேலை இருக்காது என்று நினைத்தவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. இன்ஷியல் ஒன்று தப்பாக ஏறியிருந்தால் திருத்த எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்வதில்லை.

பெங்களூர்க் காசு, வெளிநாட்டு யோகா

விலையைக் கிளப்பியது சாலை. 2023 மார்ச் 12 அன்று பிரதமர் திறந்துவைத்த பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலை சுமார் 118 கிலோமீட்டர். மூன்று மணிப் பயணம் ஒன்றரை மணிக்குள் அடங்கியது. பெங்களூரில் ஃபிளாட் வாங்கும் காசுக்கு இங்கே தனி வீடே வாங்கலாம் என்று வார இறுதிக் கார்கள் வரிசைகட்டின. உள்ளூர்க்காரருக்குத்தான் எட்டாக்கனியானது. வேடிக்கை என்னவென்றால், 2023 ஆகஸ்ட் முதல் விரைவுச்சாலையில் இரு சக்கர வாகனங்களுக்குத் தடை. சாலை கொண்டுவந்த வாடிக்கையாளரைச் சந்திக்கத் தரகரின் ஸ்கூட்டர் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

ஹெப்பாளில் இன்ஃபோசிஸின் பிரம்மாண்ட வளாகம் வந்தபோதும் வாடகைத் தரகர்கள் கனவு கண்டார்கள். பயிற்சிக்கு வரும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வளாகத்துக்குள்ளேயே தங்க வைக்கப்பட்டார்கள். கனவு பாதியில் நின்றது.

கோகுலம் வேறு உலகம். அஷ்டாங்க யோகா ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் 2002-ல் லட்சுமிபுரத்திலிருந்து தன் பயிற்சிக் கூடத்தை அங்கே மாற்றினார். அவரைத் தேடி வெளிநாட்டினர் வந்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தங்க அவர்களுக்கு அறை வேண்டும், கட்டிலும் காஸ் அடுப்பும் வேண்டும். ஓய்வு பெற்ற தம்பதிகள் மாடியைக் காலி செய்து கொடுத்தார்கள். 11 மாத ஒப்பந்தத்துக்குக் கிடைக்காத வாடகை மூன்று மாதத்தில் கிடைத்தது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் தர வேண்டும் என்பதை அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்து நிரப்பித் தருவதும் தரகர் வேலையாயிற்று. ஜோயிஸ் 2009-ல் மறைந்தார். கோகுலத்தின் பெயர் உலக யோகா வரைபடத்தில் ஒட்டிக்கொண்டது.

வாங்கி, இடித்து, அடுக்குமாடி கட்டும் வியாபாரத்துக்கு ஊர் ஒரே ஒருமுறை பெரிதாகக் குறுக்கே நின்றது. யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் கட்டிய வீடு. எழுதுவதற்கென்றே எட்டு ஜன்னல் வைத்த அறை அதில். 2011-ல் வாரிசுகள் விற்றுவிட்டார்கள், இடிப்பும் தொடங்கிவிட்டது. பத்திரிகைகள் கூச்சல் போட, அரசு தலையிட்டது. மாநகராட்சி 2.4 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிப் பழுதுபார்த்து, 2016-ல் நினைவில்லமாகத் திறந்தது. மற்ற பழைய ஓட்டு வீடுகளுக்கு அப்படி எந்த எழுத்தாளரும் வாய்க்கவில்லை.

சட்டத்தின் கண்ணில்

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முதன்முறையாகத் தரகர் என்றொரு பிராணி இருப்பதை ஒப்புக்கொண்டது. பதிவு செய்த திட்டங்களின் மனைகளையோ ஃபிளாட்களையோ விற்றுத்தர வேண்டுமானால் அவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். கர்நாடகத்தில் தனிநபருக்குக் கட்டணம் 25,000 ரூபாய். பெரிய கம்பெனிகளுக்கு இது காபிக் காசு. பால் பூத் தரகருக்கு இரண்டு சைட் சம்பாத்தியம். பழைய வீடு, ஒற்றை சைட் மறுவிற்பனை, வாடகை இவையெல்லாம் இந்தப் பதிவு வளையத்துக்கு வெளியே இருப்பதால் பெரும்பாலோர் பதிவில்லாமலே காலம் தள்ளுகிறார்கள். ஏமாந்தவர் பில்டர் மீது புகார் கொடுக்க இடமிருக்கிறது. தெருத் தரகர் மீது கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷன்தான். நேர்மையான தரகர் தான் வேறு என்று காட்டிக்கொள்ளவும் அவரிடம் எந்தக் காகிதமும் இல்லை.

பதிவு அலுவலகத்தில் பத்திரம் முடியும் நாளில் விற்பவரும் வாங்குபவரும் கேமரா முன் உட்கார்ந்து ரேகை வைப்பார்கள். 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு சதவீத வருமான வரிப் பிடித்தம் வரை எல்லாமே எழுத்தில் இருக்கும். தரகு மட்டும் இருக்காது. தரகரின் பெயர் வர அந்தப் பத்திரத்தில் ஒரே இடம் கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. வேறு ஆள் கிடைக்காத அவசரத்தில் பேனாவை வாங்கிப் போட்டுவிடுவார். பதினைந்து வருஷம் கழித்து யாரோ ஒரு பங்காளி வழக்குப் போட்டால் கோர்ட் சம்மன் அந்தக் கையெழுத்தைத் தேடி வரும். கமிஷன் என்றைக்கோ செலவாகியிருக்கும். எந்த சைட், எந்தக் கட்சிக்காரர் என்று யோசித்தபடி, எழுபது வயதில், வக்கீல் வீட்டுத் திண்ணையில் முறைக்காகக் காத்திருப்பார்.